ரப்பர் குண்டு உடம்பில் பட்டால் என்ன ஆகும்: சோதனைக்கூடம் அதை அளக்கும் விதம்

கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் கையில் எடுக்கும் ரப்பர் குண்டு, பிளாஸ்டிக் குண்டு, ஸ்பாஞ்ச் குண்டு, பீன் பேக் (ஈயத் துகள் நிரப்பிய சிறு துணிப்பை) இவற்றின் வேலையைச் சொல்வது சுலபம். கைக்கெட்டாத தூரத்தில் நின்று தாக்குபவரை அடித்து நிறுத்த வேண்டும். அடி வலிக்க வேண்டும். ஆனால் தோலைக் கிழித்து உள்ளே போகக் கூடாது. விலா எலும்பையோ ஈரலையோ கண்ணையோ உடைக்கக் கூடாது. வலிக்கும் அளவுக்கும் உடைக்கும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. அந்த இடைவெளிக்குள் குண்டு நிற்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை சோதனைகளும்.

சோதனை அறிக்கையைப் படிக்கும் எவரும் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். "இந்தக் குண்டு பாதுகாப்பானதா?" என்ற கேள்விக்கு எந்த ஆய்வகத்தாலும் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இன்ன லாஞ்சரில் (குண்டைச் செலுத்தும் துப்பாக்கியில்) போட்டு, இன்ன தூரத்திலிருந்து, இன்ன உடல்வாகு கொண்டவரின் இன்ன பாகத்தில் பட்டால் காயம் இவ்வளவு என்பதுதான் பதில். இதில் ஒன்று மாறினாலும் பழைய பதில் செல்லாது.

அவசரத்தில் பிறந்த குண்டு

பிரிட்டிஷ் ராணுவம் 1970-ல் வட அயர்லாந்தில் ரப்பர் குண்டை இறக்கியது. ஹாங்காங்கில் கலவரக் கூட்டத்தின் மீது பயன்படுத்திய மரக்கட்டைக் குண்டுதான் அதற்கு முன்மாதிரி. ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், 38 மி.மீ. குறுக்களவு கொண்ட ரப்பர் உருளை. தரையில் சுட்டு, அது எகிறி முழங்காலுக்குக் கீழே பட வேண்டும் என்பது ஏற்பாடு. துப்பாக்கியை விட்டு வெளியே வந்ததுமே குட்டிக்கரணம் போடத் தொடங்கும் ரப்பர் உருளை, தரையில் பட்டபின் எந்தப் பக்கம் போகும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. 1970-களின் நடுப்பகுதி வரை சுமார் 55,000 ரப்பர் குண்டுகள் சுடப்பட்டன. ரப்பர் குண்டின் சோதனைகள் உகந்ததைவிடக் குறைந்த காலத்தில் முடிக்கப்பட்டன என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் 1977-ஆம் ஆண்டு ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

1973 முதல் பிவிசி பிளாஸ்டிக் குண்டு வந்தது. ரப்பரைவிடக் குறி தவறாது, நேராக ஆளைப் பார்த்துச் சுடலாம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். வட அயர்லாந்தில் இந்த இரண்டு வகைகளாலும் இறந்தவர்கள் 17 பேர். ரப்பரால் 3 பேர், பிளாஸ்டிக்கால் 14 பேர். இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். துல்லியம் கூடியது உண்மைதான். கூடவே பொருளும் கடினமானது. ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று எப்படிக் கெடுகிறது என்பதை உட்கார்ந்து அளந்து பார்க்கும் முறை அன்று இல்லை. இன்று இருக்கும் அளவுகோல்கள் அநேகமாக எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை.

ஜூல் கணக்கு மட்டும் போதாது

விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது ஜூல். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. 2001-ல் பிரிட்டனில் அறிமுகமான எல்21ஏ1 என்ற பிளாஸ்டிக் குண்டு 98 கிராம்; வேகம் நொடிக்கு சுமார் 72 மீட்டர். கணக்குப் போட்டால் 254 ஜூல். வேகம் வர்க்கமாக வருவதால், வேகம் 5 சதவீதம் கூடினாலே ஆற்றல் 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொரு பக்கம் பெல்லட்டை எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. குறுக்களவுள்ள ஈயத் துகள் ஒன்றின் எடை 0.05 கிராம்கூட வராது. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 2 ஜூலுக்குச் சற்று மேல். 254 எங்கே, 2 எங்கே? ஜூலை மட்டும் பார்ப்பவருக்குப் பெல்லட் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும்.

கட்டைவிரலால் அழுத்துவதற்கும் அதே பலத்தில் ஊசியால் அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே விஷயம். ஆற்றலை, குண்டு படும் பரப்பால் வகுக்க வேண்டும். 37 மி.மீ. குறுக்களவுள்ள எல்21ஏ1 குண்டின் முகப்பரப்பு 10.75 சதுர செ.மீ. எனவே சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 24 ஜூல். பெல்லட்டின் பரப்பு 0.03 சதுர செ.மீ. அங்கே சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 68 ஜூல். 2 ஜூல் பெல்லட் தோலைத் துளைத்துக்கொண்டு போவதும் 254 ஜூல் குண்டு பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுவதும் இதனால்தான்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? தானமாகக் கிடைத்த மனித உடல்களின் மீது ரப்பர் குண்டுகளைச் சுட்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் அடிப்படையாக இருக்கின்றன. மார்பின் முன்புற விலா எலும்பு மேலுள்ள தோலை, சதுர செ.மீ.க்கு 24 ஜூல் இருந்தால் குண்டு துளைப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதுகுப்புற விலாவுக்கு அதே வாய்ப்பு 53 ஜூலில்தான். ஒரே மனிதருக்குள்ளேயே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கண்ணுக்கு வந்தால் கணக்கே வேறு: சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 3.6 ஜூல் இருந்தாலே கண்விழி உடைவதற்குப் பாதி வாய்ப்பு. விழித்திரைப் பாதிப்பும் விழிக்குள் ரத்தக்கசிவும் அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். மார்புக்குத் "தேறிய" குண்டு கண்ணுக்கு ஆறேழு மடங்கு மிகையாக இருக்க முடியும்.

காஷ்மீரில் 2016-ல் பெல்லட் துப்பாக்கியால் பலர் கண்ணில் காயமடைந்ததை இந்த எண்களை வைத்துப் படிக்க வேண்டும். 12 போர் (bore) அளவுள்ள பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியின் ஒரே தோட்டாவிலிருந்து சில நூறு பெல்லட்டுகள் விரிந்து பறக்கும். காற்றில் வேகம் பாதியாகி நொடிக்கு 150 மீட்டருக்கு வந்தாலும் பெல்லட்டின் அளவு சதுர செ.மீ.க்கு 17 ஜூல். தோல் தாங்கினாலும் தாங்கலாம், கண் தாங்காது. காலுக்குக் குறி வைத்தாலும் விரிவின் மேல் ஓரம் முகத்துக்கு வரும். பெல்லட் மேலே போகாமல் இருக்கத் துப்பாக்கிக் குழலின் முனையில் தடுப்பு பொருத்தும் ஏற்பாடு பின்னர் வந்தது. விரியும் துகளைக் குழல்முனையில் திருத்துவதைவிட, ஒரே நேரத்தில் பல துகள்களைச் சுடும் முறையையே விட்டுவிடுவதுதான் சரியான வழி. ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது.

தோலுக்கான சோதனை

துளைக்குமா என்று பார்க்கும் சோதனைக்கு மூன்று அடுக்கு இலக்கு பயன்படுகிறது. அடியில் 20 சதவீத ஜெலட்டின் கட்டி. அதன் மேல் 6 மி.மீ. தடிமனுள்ள, துளைகள் ஒன்றோடொன்று இணையாத ஃபோம். எல்லாவற்றுக்கும் மேலே ஷாமாய் தோல், அதாவது கார் துடைக்க வாங்குவோமே, அந்த மெல்லிய பதனிட்ட தோல். நேட்டோவின் ஏஇபி-94 ஆவணம் இப்படிப்பட்ட அடுக்கைத்தான் சொல்கிறது. ஷாமாயும் ஃபோமும் தோல், கொழுப்பு ஆகியவற்றின் எதிர்ப்பைக் காட்ட. ஜெலட்டின் அடியில் இருக்கும் தசைக்குப் பதிலாக.

ஜெலட்டின் தயாரிப்பில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். 20 சதவீதம் என்றால் 2 கிலோ ஜெலட்டின் பொடிக்கு 8 கிலோ தண்ணீர். பொடியை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, பிறகு மிதமாகச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். கொதிக்க விட்டால் ஜெலட்டினின் பிணைப்பு அறுந்துவிடும். ஆறியபின் பார்வைக்குக் கட்டியாக இருக்கும், பலம் இருக்காது. நுரையை வழித்து எடுக்காவிட்டால் உள்ளே குமிழ் தங்கி, குண்டு அந்த வழியே எளிதாக இறங்கும். இறுகியபின் கட்டி முழுவதும், நடுப்பகுதி உட்பட, 10 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது தவறு. வெப்பமானியை நடுவில் செருகிப் பார்க்க வேண்டும். சுடும் இடத்துக்குக் கொண்டுவந்து அதிக நேரம் வைத்திருந்தால் வெளிப்புறம் இளகி, காயம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஷாமாய் இயற்கைப் பொருள் என்பதால் ஒரே தோலில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் தடிமன் மாறும். அதனால் ஒவ்வொரு துண்டையும் அளந்து, விலகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். தோல் கிழிந்து, ஃபோமும் கிழிந்து, ஜெலட்டினில் சேதம் தெரிந்தால் துளைத்தது என்று எழுதுவார்கள். அந்தத் தீர்ப்பைச் சுடுவதற்கு முன்பே எழுத்தில் வரையறுக்க வேண்டும். சுட்டபின் கிழிசலைப் பார்த்துப் "பரவாயில்லை" என்று முடிவெடுத்தால் அது சோதனையே இல்லை.

குண்டுக் கவச உடைகளைச் சோதிக்கப் பயன்படும் களிமண்ணில் ரப்பர் குண்டைச் சுட்டு, பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் அறிக்கைகளும் வருகின்றன. களிமண் அழுந்தினால் அழுந்தியபடியே நிற்கும், மார்பு அப்படியில்லை. அமுங்கி மீளும். எவ்வளவு வேகத்தில் அமுங்கியது என்பதைக் களிமண் சொல்லாது. இரண்டு குண்டுகளை ஒப்பிட அது உதவலாம். காயத்தைக் கணிக்க அதை நம்பக் கூடாது.

மார்புக்கான சோதனை

துளைக்காத அடியும் கொல்லும். விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தலாம், இதயமோ ஈரலோ நசுங்கலாம். இதை அளக்க டெட்ராய்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு தொடர் ஆய்வு நடந்தது. மனித உடல்களின் மார்பில் 140 கிராம் உருளையை நொடிக்கு 20 மீட்டர், 40 மீட்டர் வேகங்களிலும், 30 கிராம் உருளையை நொடிக்கு 60 மீட்டர் வேகத்திலும் அடித்து, மார்பு எவ்வளவு, எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பதிவு செய்தார்கள். அந்தப் பதிவோடு ஒத்துப்போகும்படி செய்ததுதான் மூன்று விலா பொம்மை. கார் மோதல் சோதனை பொம்மையின் மார்புப் பகுதியை மட்டும் எடுத்து, மூன்று உலோக விலாக்களும் முன்னே ஒரு ரப்பர் போன்ற தகடும் வைத்த கருவி அது. குண்டு நடு விலாவில் பட வேண்டும். விலா உள்ளே போகும் தூரத்தை உணரி அளக்கும்.

அதிலிருந்து கணக்கிடும் எண்ணுக்கு விஸ்கஸ் கிரைட்டீரியன் என்று பெயர். கார் விபத்து ஆய்விலிருந்து வந்தது. எந்த நொடியிலும் மார்பு அமுங்கும் வேகத்தை, மார்பின் ஆழத்தில் எத்தனை பங்கு அமுங்கியிருக்கிறது என்பதால் பெருக்க வேண்டும். மார்பின் ஆழம் 24 செ.மீ., ஒரு கணத்தில் 3 செ.மீ. அமுங்கியிருக்கிறது, அந்தக் கணத்தில் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்றால்: 3-ஐ 24-ஆல் வகுத்தால் 0.125, 6-ஆல் பெருக்கினால் 0.75. இந்தப் பெருக்கற்பலன் உச்சமாக எவ்வளவு வந்தது என்பதே கணக்கு. குண்டடிக்கு இந்த உச்சம் நொடிக்கு 0.8 மீட்டரானால், விலா முறிவு போன்ற நடுத்தரம் முதல் கடுமையான காயம் வர 50 சதவீத வாய்ப்பு.

இரண்டு தவறுகள் இங்கே அடிக்கடி நடக்கும். குண்டு நடு விலாவிலிருந்து சற்று விலகிப் பட்டால் அளவு குறைந்து வரும். நல்ல எண் கிடைத்துவிட்டது என்று அதைச் சேர்த்துக்கொள்வது. ஒவ்வொரு அடியின் ஹைஸ்பீடு வீடியோவையும் பார்த்து, விலகியதைத் தள்ள வேண்டும். அடுத்தது, அளவீட்டில் வரும் இரைச்சலை நீக்குகிறேன் என்று பதிவை அளவுக்கு மீறி வழவழப்பாக்குவது. மொத்த நிகழ்வும் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். வழவழப்பாக்கினால் உச்சமும் சேர்ந்து மழுங்கிவிடும். எந்த வடிகட்டியைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதாத அறிக்கையில் 0.6 என்று இருந்தால் அதற்குப் பொருள் கிடையாது.

பொம்மை இல்லாமல் காகிதத்திலேயே போடும் கணக்கும் ஒன்று உண்டு: பிளண்ட் கிரைட்டீரியன். குண்டின் ஆற்றலை ஜூலில் எடுத்து, அதை மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும்: அடிபடுபவரின் எடையின் கனமூலம், உடற்சுவரின் தடிமன் செ.மீ.யில், குண்டின் குறுக்களவு செ.மீ.யில். வருவதற்கு இயல் மடக்கை எடுத்தால் கிடைப்பது. மார்பில் அந்த எண் 0.37 ஆனால் நடுத்தரம் முதல் கடுமையான காயத்துக்கு 50 சதவீத வாய்ப்பு. உடற்சுவரின் தடிமனுக்கு ஒரு தோராய வழி: எடையின் கனமூலத்தை ஆணுக்கு 0.711-ஆலும் பெண்ணுக்கு 0.593-ஆலும் பெருக்குவது.

75 கிலோ ஆணுக்குப் போட்டுப் பார்ப்போம். கனமூலம் 4.22, தடிமன் 3 செ.மீ., குண்டின் குறுக்களவு 4 செ.மீ. பெருக்கினால் சுமார் 50.6. அதை 1.45-ஆல் (இயல் மடக்கை 0.37 ஆக வரும் எண்) பெருக்கினால் 73 ஜூல், 0.37 என்ற எல்லைக்கு இவருக்குத் தேவைப்படுவது அதுதான். 50 கிலோ பெண்ணுக்கு அதே கணக்கு 47 ஜூலில் முடிந்துவிடும். 30 கிலோ சிறுவனுக்கு 40 ஜூல். சிறுவர்களின் உடலில் இந்தச் சூத்திரம் சரிபார்க்கப்படவில்லை, ஆகவே கடைசி எண் வெறும் திசைகாட்டிதான். இருந்தாலும் திசை தெளிவாக இருக்கிறது. ஒரே தோட்டா, ஒரே தூரம். ஒருவருக்குக் கன்றிப்போகும் அடி, இன்னொருவருக்கு எலும்பு முறிவு. அறிக்கையில் "சராசரி ஆண்" என்று இருந்தால், கூட்டத்தில் நிற்கும் மற்றவர்களுக்கு அது பொருந்தாது என்று வாசிக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்துக்குக் குண்டின் மென்மை தெரியாது. நசுங்கும் ஸ்பாஞ்சும் நசுங்காத மரமும் அதற்கு ஒன்றுதான். அதனால் மென்முனைக் குண்டுகளுக்கு இது கூடுதலாகப் பயமுறுத்தும். அவற்றைப் பொம்மையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், இரண்டு அளவுகோல்களுமே பார்க்காத ஒரு மரணம் உண்டு. இதயத் துடிப்பின் சுழற்சியில் ஒரு குறிப்பிட்ட சில பத்து மில்லி நொடிக்குள் மார்பில் அடி விழுந்தால், எலும்பு ஒன்றும் உடையாமலேயே இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். மார்பில் பந்து பட்டுச் சிறுவர்கள் மைதானத்திலேயே சரிந்து விழுவது இப்படித்தான். எந்தப் பொம்மைக்கும் இதயத்துடிப்பு இல்லை. மார்பைக் குறி வைக்கவே கூடாது, இடுப்புக்குக் கீழேதான் என்று விதி எழுதப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைக்குத் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது

பாஸ்டன் நகரில் 2004 அக்டோபர் 21 அன்று பேஸ்பால் வெற்றியைக் கொண்டாடிய கூட்டத்தின் மீது போலீஸ் எஃப்என் 303 என்ற காற்றழுத்தத் துப்பாக்கியால் சுட்டது. அதன் உருண்டை 8.5 கிராம், மிளகாய்க் காரம் நிரப்பியது. நொடிக்கு 85 மீட்டரில் அதன் ஆற்றல் சுமார் 30 ஜூல், சதுர செ.மீ.க்கு 13 ஜூல். மார்பு விலா எல்லையான 24-க்கு அது நன்றாகக் கீழே. கண்ணின் எல்லைக்கு மூன்றரை மடங்கு மேலே. உருண்டை ஒரு 21 வயது மாணவியின் கண்ணில் பாய்ந்தது; அவர் இறந்துபோனார்.

தலைக்கும் பொம்மைகள் உண்டு. மண்டை ஓட்டில் விசையுணரிகள் பதித்தவை, கண்குழியில் செயற்கை விழி வைத்தவை எல்லாம் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேலை ஆபத்தின் அளவைச் சொல்வதுதான். இன்று புழக்கத்தில் இருக்கும், தூரத்தில் வலி தரக்கூடிய எந்தக் குண்டும் கண்ணுக்குப் பாதுகாப்பானதாக இருக்க முடியாது. மேலே உள்ள எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. எனவே தலையைக் காப்பாற்றும் உண்மையான சோதனை துல்லியச் சோதனைதான். குண்டு தலைக்குப் போகாது என்று நிரூபிக்க வேண்டும்.

பிரிட்டன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. எல்21ஏ1 பழைய குண்டைவிடத் துல்லியமானது, ஆனால் தப்பித்தவறித் தலையில் பட்டால் காயம் மோசமாகும் என்று மருத்துவ ஆலோசனைக் குழு கவலை தெரிவித்தது. 2005 ஜூனில் வந்த எல்60ஏ1 அதற்கான மாற்று. எடையும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். முனையில் மட்டும் ஒரு வெற்றிடம் விட்டு, கடினமான எதிலாவது மோதினால் அது நசுங்கும்படி செய்திருக்கிறார்கள். மோதல் நேரம் நீள்வதால் உச்ச விசை குறையும்.

துல்லியச் சோதனை

முதலில் லாஞ்சரை அசையாத தாங்கியில் இறுக்கிப் பூட்டி, 10, 20, 30, 40 மீட்டர் என்று ஒவ்வொரு தூரத்திலும் தாள் இலக்கில் சுடுவார்கள். இது குண்டின் குறையை மட்டும் காட்டும். பிறகு அதே தூரங்களில் பயிற்சி பெற்ற காவலர் நின்றபடி சுடுவார். ஓடிவந்து, ஹெல்மெட்டும் கவசமும் போட்டுச் சுடுவதையும் சேர்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். தாங்கியில் 10 செ.மீ. வட்டத்துக்குள் விழும் குண்டு, கையில் எடுத்தால் 30 செ.மீ.க்கு விரிவது சாதாரணம்.

பறக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நொடிக்கு 72 மீட்டர் வேகக் குண்டு 30 மீட்டரைக் கடக்க 0.4 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஈர்ப்பு அதை 85 செ.மீ. கீழே இழுக்கும், குறி பார்க்கும் அமைப்பில் அதற்கு ஈடு செய்திருப்பார்கள். அந்த 0.4 நொடியில் ஓடுபவர் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடுவார். கல் எடுக்கக் குனிபவரின் தலை, இடுப்பு இருந்த உயரத்துக்கு வந்திருக்கும். பெரியவரின் இடுப்புவார் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆறு ஏழு வயதுக் குழந்தையின் தலை அந்த உயரத்தில்தான் இருக்கும். அடர்ந்த கூட்டத்துக்குள் சுடக் கூடாது என்பது இந்தச் சென்டிமீட்டர்களிலிருந்து வருகிறது.

எத்தனை தோட்டா சுட்டால் போதும்? 30 சுட்டு ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை என்றால் "நூற்றுக்கு நூறு" என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளியியல்படி, 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது பத்தில் ஒன்றுக்கு மேல் தவறாது என்பது மட்டுமே. இருபதில் ஒன்றுக்கு மேல் தவறாது என்று சொல்ல, ஒரு தவறும் இல்லாமல் 59 சுட வேண்டும். நூறில் ஒன்றுக்கு 299. தோட்டா விலையைப் பார்த்து எண்ணிக்கையைக் குறைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான குறை.

துல்லியம் கெடும் வழிகள் பல. பழைய சதுர வடிவப் பீன் பேக் காற்றில் சுழன்று, விரியாமல் விளிம்பால் மோதும். பரப்பு சுருங்குவதால் 40 கிராம் பை தோலைக் கிழித்துவிடும். வால் வைத்த, காலுறை வடிவப் பை அதற்காகத்தான் வந்தது. குழலுக்குள் காரம் நிரப்பிய உருண்டை உடைந்தால், அதன் எச்சம் அடுத்தடுத்த சுடுதல்களைத் திசை திருப்பும். அதனால் சுத்தம் செய்யாமல் தொடர்ந்து சுட்டும் பார்க்க வேண்டும். எகிறும் ரப்பர் உருண்டைகளைப் பொறுத்தவரை சோதனையே வீண் என்று சொல்லலாம்: முதல் மோதலுக்குப் பிறகு பாதையைக் கணிக்க முடியாது. பார்சலோனாவில் பலர் கண்ணிழந்த பிறகு, 2014-ல் கட்டலோனியாவின் போலீஸ் அந்த உருண்டைகளைக் கைவிட்டது.

அருகெல்லையும் தொலைவெல்லையும்

இப்போது இரண்டு சோதனைகளையும் சேர்க்கலாம். காயச் சோதனை, இதைவிட அருகில் சுடக் கூடாது என்று ஒரு தூரத்தைத் தருகிறது. துல்லியச் சோதனை, இதைவிடத் தொலைவில் சுடக் கூடாது என்று இன்னொன்றைத் தருகிறது. 15 மீட்டருக்கு உள்ளே மார்புக்கு ஆபத்து, 35 மீட்டருக்கு அப்பால் விரிவு தலைவரை எட்டும் என்றால், பயன்படும் இடைவெளி 15 முதல் 35 வரை. அருகெல்லை 30, தொலைவெல்லை 25 என்று வந்தால் அந்தக் குண்டைப் பயன்படுத்தத் தகுந்த தூரமே கிடையாது. திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் விற்பனைத் தாள்களை நம்பி வாங்கக் கூடாது.

வெயிலும் வயதும் தொகுதியும்

தோட்டாக்களை உறைகுளிரிலும், அறை வெப்பத்திலும், 50 டிகிரிக்கு அருகிலும் பல மணி நேரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் சுட்டு, டாப்ளர் ரேடாரிலோ ஒளித்திரையிலோ வேகத்தை அளப்பார்கள். சூட்டில் வெடிமருந்து வேகமாக எரிந்து குண்டின் வேகம் கூடும். மே மாத வெயிலில் மூடிய போலீஸ் வண்டிக்குள் கிடக்கும் பெட்டி 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். குளிரில் வேகம் குறையலாம், ஆனால் ஸ்பாஞ்சும் ரப்பரும் இறுகிவிடும்; குறைந்த வேகத்திலேயே காயம் பெரிதாகும். அறை வெப்பத்தில் மட்டும் செய்த சோதனை பாதிச் சோதனை.

ஸ்பாஞ்ச், ரப்பர் இரண்டும் ஆண்டுகள் போகப்போக இறுகும். பெட்டியில் காலாவதித் தேதி போடுவது இதற்காகத்தான். தேதி கடந்ததைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து வேகமும் எடையும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் தொகுதியின் சான்றிதழை ஐந்தாம் ஆண்டுத் தொகுதிக்குக் காட்டுவது ஏமாற்று.

லாஞ்சர் மாறினாலும் சோதனை முதலிலிருந்து. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் சண்டிகர் ஆய்வகமான டிபிஆர்எல் வடிவமைத்த பிளாஸ்டிக் குண்டுகள் ஏகே-47 துப்பாக்கியிலேயே போட்டுச் சுடக்கூடியவை. 2017-ல் 21,000 தோட்டாக்கள் மத்திய ரிசர்வ் போலீஸான சிஆர்பிஎஃப்-க்கு அனுப்பப்பட்டன. தனித் துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் ஒரே துப்பாக்கி இரண்டு வகைத் தோட்டாவையும் ஏற்கும்போது, பதற்றத்தில் எந்த மேகசின் செருகப்பட்டது என்பதும் சோதிக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. இருட்டில், கையுறையோடு, தடவிப் பார்த்தே வித்தியாசம் தெரியும்படி மேகசின் இருக்க வேண்டும். காவலர்களை வைத்து அதையும் செய்து பார்த்து, எத்தனை பேர் மாற்றிச் செருகினார்கள் என்று எண்ண வேண்டும்.

ஆய்வகத்துக்கு வெளியே

1990 முதல் 2017 வரை வெளியான மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பு 2017-ல் பிஎம்ஜே ஓபன் இதழில் வந்தது. இவ்வகைக் குண்டுகளால் காயமடைந்ததாக அதில் பதிவானவர்கள் 1,984 பேர். 53 பேர் இறந்தார்கள். 300 பேருக்கு நிரந்தர ஊனம், அதில் பெரும்பங்கு பார்வையிழப்பு. சிறு காயத்தோடு வீட்டுக்குப் போனவர்கள் ஆய்வுகளில் பதிவாவது குறைவு என்பதால் இதை விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த உறுப்பு போகிறது என்பதைக் காட்ட இது போதும்.

ஆய்வக எண்கள் களத்தில் பொருந்துகின்றனவா என்று பார்க்க, மருத்துவமனைப் பதிவு வேண்டும். காயம் எங்கே, குறுக்களவு எவ்வளவு, குண்டு உள்ளே தங்கியதா, எடுக்கப்பட்ட குண்டின் எடை என்ன, சுட்ட தூரம் எவ்வளவு, தொகுதி எண் எது. "ரப்பர் குண்டுக் காயம்" என்ற இரண்டு சொல்லோடு நோயாளிச் சீட்டு முடிந்துவிட்டால், அருகெல்லை 15 மீட்டர் என்று ஆய்வகம் சொன்னது சரியா, 25 ஆக்க வேண்டுமா என்பதை யாராலும் திருத்த முடியாது. போலீஸ் தரப்பிலும் ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு படிவம் வேண்டும்: யார் சுட்டார், எந்த லாஞ்சர், எந்தத் தொகுதி, எத்தனை மீட்டர், எங்கே குறி வைத்தார், எங்கே பட்டது. கடைசி இரண்டு கட்டங்களிலும் ஒரே பதில் இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கலாம்.